மாசி மாசத்து நாத்தம்

உக்காருங்க. இந்தக் கட்டில்லயே உக்காருங்க, வேப்பமரத்து நெழலு இப்ப இங்கதான் இருக்குது. சித்த நேரம் போனா அதுவும் நகந்துரும்.

நீங்க வாயைத் தொறக்கறதுக்கு முந்தியே எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க. காரைக் கோயில்கிட்ட நிறுத்திப்போட்டு, சலவை வேட்டி சட்டையோட ஒருத்தர் தனியா நடந்து வந்து, ராமாத்தாள் ஊடு எதுன்னு கேட்டா எதுக்குன்னு தெரியாதுங்களா. உங்க பையனுக்கு அவ பொண்ணைப் பத்தி விசாரிக்க வந்திருக்கறீங்க. அக்கம்பக்கத்துல ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போறதுதான் முறை. சரியான எடத்துக்குத்தான் வந்திருக்கறீங்க. அவளைத் தொட்டில்ல கெடந்ததுல இருந்து பார்க்கறவன் நானு.

சென்னியப்பன் யாரைப் பத்தியும் குறை சொல்ல மாட்டான்னு இந்த ஊர்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. நடந்ததை மட்டும் சொல்றனுங்க. கேட்டுட்டு நீங்களே முடிவு பண்ணிக்குங்க.

பொண்ணு பேரு கோகிலவாணி. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அவங்கப்பன் கந்தசாமி காமாலைல போனதுக்கப்பறம் ராமாத்தாள் மட்டும் தனியா அந்த ஊட்டுல கெடந்தா. பொண்ணு திருப்பூர்ல பனியன் கம்பெனில, தைச்ச துணில ஓட்டை இருக்குதான்னு பார்க்கற வேலை. அந்தப் பழக்கந்தான் போலிருக்குது, எங்க பார்த்தாலும் ஓட்டைதான் அவ கண்ணுக்குத் தெரியுது. தை மாசக் கடைசில ஒரு நாள் ஸ்கூட்டர்ல மூட்டை முடிச்சைக் கட்டிட்டு வந்து எறங்கிட்டா. என்ன அம்மிணி, லீவான்னு கேட்டேன்.

"இல்லீங்க மாமா. வேலையை விட்டுட்டேன். ஊடு ஒழுகுது, கெணறு தூந்து கெடக்குது. அம்மாவும் தனியா இருக்குது. இங்கயே இருந்துக்கலாம்னு வந்துட்டேன்"னா.

மாசி பொறந்துச்சுன்னா குடியானவன் ஊட்டுல வேலைக்குப் பஞ்சமில்லை, நான் இல்லீங்கல. காட்டு வேலை ஓஞ்சிருக்கும், வெயிலும் முழுசா ஏறியிருக்காது. அந்த எடவெளிலதான் குப்பைக்குழிய வாரோணும், வேலி அடைக்கோணும், ஓடு மாத்தோணும், புளி உலுக்கோணும். எங்க ஊட்டுலயும் அத்தனையும் இருக்குதுங்க. பாருங்க, அந்த மூலைல ஓடு சரிஞ்சு கெடக்குது. ஆனா அதுக்குன்னு ஒரு முறை இருக்குது. ஆளு வரோணும். ஆளு வர்ற வரைக்கும் பொறுத்துக்கோணும். நான் ரெண்டு மூணு மாசியா பொறுத்துட்டுத்தான் இருக்கறேன்.

இவளுக்கு அந்தப் பொறுமை கெடையாது. வந்த மக்யா நாளே, விடிஞ்சதும் விடியாததுமா, அவங்கப்பனோட பழைய சட்டையை எடுத்து மாட்டிக்கிட்டு, தலைல ஒரு துண்டைச் சுத்திக்கிட்டுக் கட்டுத்தறிக்குள்ள எறங்கிட்டா. மாட்டை வித்த நாள்ல இருந்து கூட்டாம கெடந்த எடமுங்க. சாணி, மூத்திரம், மக்குன சோளத்தட்டு, எலி செத்தது, பாம்புச் சட்டை, எல்லாம் ஒண்ணாச் சேர்ந்து பாறை மாதிரி இறுகிக் கெடந்துது. அதை மம்பட்டில வெட்டி வெட்டி வாரறா. காத்து அங்கிருந்து இங்க அடிக்குது. நான் அப்பத்தான் கம்மஞ்சோத்தைக் கரைச்சு வாய்ல வெக்கறேன். அந்த நாத்தம் வந்து மூஞ்சில அடிச்சுது பாருங்க, சோறு உள்ள எறங்கலை. நாலு நாளைக்கு எங்க ஊட்டுத் துணிமணி, தலகாணி எல்லாம் அதே நாத்தம்.

போய்க் கேட்டேன். ஏன் அம்மிணி, பொட்டப்புள்ள செய்யற வேலையா இது, ஆளு வெச்சுப் பண்ணக் கூடாதான்னு. நிமிந்து பார்த்தா. மூஞ்சியெல்லாம் புழுதி, பல்லு மட்டுந்தான் வெள்ளையாத் தெரியுது.

"ஆளு கேட்டேனுங்க மாமா, பங்குனி போகட்டும்னு சொல்லிட்டாங்க. உங்க பையன் ஊட்டுலதானுங்களே இருக்காப்டி, சித்த அனுப்பி விடுங்க. ரெண்டு பேரு வாரினா பொழுதுக்குள்ள முடிஞ்சுரும். உங்களுக்கும் நாத்தம் தீரும்."

இதைக் கேளுங்க. எம் பையன் லோகநாதன் டிப்ளமா படிச்சவன். சாணி அள்ளவா படிக்க வெச்சேன்? அவன் ஒரு நல்ல வேலைக்குத்தான் காத்துட்டு இருக்கறான். கெடைக்கற வேலையெல்லாம் அவனுக்கு ஒத்து வரலை. அதுக்காக ஒரு பொண்ணு மூஞ்சிக்கு நேரா இப்படிக் கேக்கலாமுங்களா? நான் திரும்பி வந்துட்டேன்.

கட்டுத்தறி முடிஞ்சுதா, அடுத்தது கெணறு. நீங்க வர்ற வழில பார்த்திருப்பீங்க, எங்க தென்னந்தோப்பைத் தாண்டி அவங்க கெணறு. கந்தசாமி இருந்தப்பத் தெளிவாக் கெடந்த தண்ணி. அப்பறம் ஆரும் எறைக்காம மேல பாசி கட்டி, பச்சைப் பசேல்னு சாக்கடை மாதிரி ஆயிப்போச்சு. இவ மோட்டாரு கொண்டாந்து தண்ணிய எறைச்சுட்டு, தூர் எடுக்கறதுக்குன்னு கூலிக்கு ஒரு புருசன் பொண்டாட்டியக் கூட்டிட்டு வந்தா. சரி, அவங்க எடுத்துட்டுப் போறாங்கன்னு மேல நிக்க வேண்டியதுதானுங்களே. இல்லை. கயித்தைக் கட்டிட்டுத் தானும் உள்ள எறங்கிட்டா. இடுப்பு வரைக்கும் சேத்துல நின்னுட்டு, கூடை கூடையா அள்ளி மேல அனுப்பறா. மத்தியானம் அந்தக் கூலிக்காரங்களோட ஒரே வரிசைல உக்காந்து, ஒரே தூக்குல இருந்து சோறு போட்டுத் தின்னா. அந்தக் கையோட. எனக்குக் கண்ணுல பார்க்க முடியலைங்க.

உள்ள இருந்து என்னென்ன வந்துதுங்கறீங்க. கருமாந்திரம். செத்த பெருச்சாளி ஊதிப் போயி வந்துது. கோழி றெக்கையும் குடலுமா கட்டுன பிளாஸ்டிக் பை, ஒண்ணு மேல ஒண்ணா வந்துது. பையைப் பிரிச்சவங்க மூக்கைப் பொத்திட்டு அக்கட்ட ஓடுனாங்க. எங்க ஊட்டுலயும் ஞாயித்துக்கெழமை கோழி எடுக்கறதுதான், அதுக்காக அதெல்லாம் எங்களுதுன்னு ஆயிருமா. ஊர்ல எல்லாருந்தான் கோழி திங்கறாங்க.

அப்பறம் பாட்டிலு. பிராந்தி பாட்டிலு. கூடைல மண்ணு எவ்வளவு வந்துதோ அவ்வளவு பாட்டிலும் வந்துது. எல்லாம் ஒரே மாதிரி, ஒரே லேபிளு. அவ என்ன பண்ணுனா தெரியுங்களா, ஒவ்வொண்ணாத் தொடைச்சுக் கெணத்து மேட்டுல வரிசையா அடுக்கி வெச்சா. கால்ல குத்திரக் கூடாதுன்னு எடுத்து வெக்கறாளாமா. போற வர்றவங்க எல்லாம் நின்னு அந்த வரிசையப் பார்க்கறாங்க, அப்பறம் எங்க ஊட்டப் பார்க்கறாங்க. நான் சொன்னேன், ரோட்டுல போற பசங்க குடிச்சுட்டு வீசியிருப்பானுகன்னு. ராமாத்தாள் ஒரு சிரிப்புச் சிரிச்சா. "ரோடு அந்தக் கோடில இல்லீங்க இருக்குது"ன்னா. ரோடு தூரந்தான். எங்க தோப்புக்குள்ள பூந்துதான் கெணத்துக்கு வரோணும், அதுவும் நெசந்தான். பசங்க பூந்து வந்திருப்பானுக. கோகிலா எல்லாத்தையும் சாக்குல போட்டுக் கட்டி ஸ்கூட்டர்ல வெச்சுக் கொண்டுபோயிட்டா. எனக்கு அன்னிக்கு இருந்த ஆத்தரத்துல ஊட்டுக்கு வந்து லோகுகிட்ட, இனிமேல் அந்தப் பக்கம் போகாதேன்னு மட்டும் சொன்னேன்.

இதெல்லாங்கூடப் பொறுத்துக்கலாமுங்க. அடுத்து ஒண்ணு பண்ணுனா. ஊட்டுச் சுவத்தை ஒட்டி, எங்க வேலிக்குப் பக்கத்துல, கக்கூசு கட்ட ஆரம்பிச்சுட்டா. அதுவும் நாற்காலி மாதிரி மேல உக்கார்றது. அம்மாளுக்கு முட்டி வலியாம், குத்த வெச்சு உக்கார முடியலையாம். நான் நாயம் பேசறவன், நீங்களே சொல்லுங்க. சோறாக்கற எடத்துக்குப் பக்கத்துலயே அதையும் வெக்கறதுன்னா எப்படிங்க? நெனைச்சாலே எனக்குக் குமட்டும். கெவருமெண்டுல கட்டிக்குடுத்த கக்கூசு எங்க ஊட்டுலயும் இருக்குது. அதோ, அந்த நீலக் கதவு. நான் அதுல புண்ணாக்கு மூட்டையும் பருத்திக்கொட்டையும் அடுக்கி வெச்சிருக்கறேன். நல்ல எடம், எலி வராது. எங்க ஊட்டுக்காரி துளசிமணி வந்த நாள்ல இருந்து காட்டுப் பக்கந்தான் போயிட்டு வர்றா. எங்கம்மாளும் அப்படித்தான் போனாங்க. ஒரு குறையும் வந்ததில்லை.

நானும் லோகுவும் ஆம்பளைங்க, எங்களுக்கென்ன, எங்க வேணாப் போயிக்குவோம்.

அது கட்டி முடிச்சு, வேலி அடைக்கற வேலைல இருந்தா கோகிலா. இலை உதிந்து கெடக்கறப்பத்தான் கிளுவைக் குச்சி வெட்டி நடுவாங்க, எடைல சந்து இல்லாம. எங்க பக்கத்து வேலியும் சேர்த்துத்தான் பொக்கையாக் கெடந்துது. அதையும் அவளே நட்டுட்டு வந்தா. நான் கேக்கலை, அவளாத்தான் பண்ணுனா. அப்பத்தான் அது நடந்துது.

துளசிமணிக்கு அன்னிக்கு வயிறு செரியில்லை. எப்பவும் விடியறதுக்கு முந்தியே போயிட்டு வந்துருவா, அன்னிக்கு வெயில்ல ரெண்டாவது தடவை போயிருக்கறா. வேலங்காட்டுக்குள்ள பள்ளம் இருக்குது, அதுல கால் சறுக்கி விழுந்து, கால் எலும்பு முறிஞ்சு போச்சு. எந்திரிக்க முடியலை. கத்தியிருக்கறா. நான் டீக்கடைல இருந்தேன், தேங்காய் வெலையைப் பத்திப் பேசிட்டு. லோகு ஊட்டுலதான் இருந்தான், காதுல ஒயரை மாட்டிட்டுப் படுத்திருந்தான். காதுல ஒயரு இருந்தா எப்படிங்க கேக்கும், அவனைக் குத்தம் சொல்ல முடியுமா. வேலி ஓரத்துல குச்சி நட்டுட்டு இருந்த கோகிலாவுக்குத்தான் கேட்டிருக்குது.

ஓடிப் போயிப் பார்த்திருக்கறா. எங்க ஊட்டுக்காரி அந்தக் கோலத்துல கெடக்கறா. சேலையெல்லாம் ஆயிப்போச்சு. வெக்கத்துல, கிட்ட வராத, வராத அம்மிணின்னு அழுதிருக்கறா. இவ கேக்கலை. அலுங்காம அணைச்சுத் தூக்கி, வேலங்காட்டை விட்டு அவங்க ஊட்டுக்குக் கொண்டாந்து, ராமாத்தாளை வெந்நீர் வெக்கச் சொல்லி, ஒடம்பு பூராக் கழுவிவிட்டு, ராமாத்தாள் சேலைய உடுத்திவிட்டு, ரோட்டுல போன பால் வண்டியை நிறுத்தி ஏத்திட்டா. பால் கேனுக்கு நடுவுல. நான் டீ கிளாசும் கையுமா நிக்கறேன், பால் வண்டி என் முன்னாலயே போகுது, உள்ள எங்க ஊட்டுக்காரி படுத்திருக்கறா, கோகிலா அவ தலையை மடில வெச்சிருக்கறா. வண்டிக்குள்ள இருந்து "மாமா, தாராபுரம் ஆஸ்பத்திரிக்கு வாங்க"ன்னு அவ சொல்லிட்டுப் போறா. டீக்கடையே என்னைப் பார்க்குது.

உதவி பண்ணுனா, நான் மறுக்கலை. ஆனா கேளுங்க. நான் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு ஊட்டுக்கு வந்து பார்த்தா, அந்தச் சேலைய அலசி, புதுசா அடைச்ச வேலி மேல காயப் போட்டிருக்கறாங்க. எல்லாருக்கும் தெரியற மாதிரி. தூக்கி எறிஞ்சிருக்கலாமில்ல. கோகிலா நடுவுல ஊட்டுக்கு வந்து அதை அவ கையால தேச்சு அலசியிருக்கறா, அந்தக் கையாலதான் திரும்பிப் போயி ஆஸ்பத்திரில எங்க ஊட்டுக்காரிக்குச் சோத்தைப் பெசைஞ்சு ஊட்டிவிட்டிருக்கறா. நெனைக்க நெனைக்க எனக்கு ஒடம்பு கூசுது. துளசிமணி ஒண்ணும் கூசலை. வாங்கித் தின்னுருக்கறா.

மாவுக்கட்டுப் போட்டு அனுப்பிச்சாங்க. கால ஊனக் கூடாதுன்னுட்டாங்க. வண்டில இருந்து எறக்கறப்ப, "அத்தை எங்க ஊட்டுலயே இருக்கட்டுமுங்க மாமா. இங்க உக்கார்ற மாதிரி கக்கூசு இருக்குது, நான் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிக்கறேன்"னா கோகிலா. நான் என்ன பதில் சொல்றதுன்னு யோசிக்கறதுக்குள்ள எங்க ஊட்டுக்காரி, சரி அம்மிணின்னுட்டா. என்னை ஒரு வார்த்தை கேக்கலை.

கட்டுப் பிரிக்கற வரைக்குந்தானேன்னு நானும் விட்டுட்டேன். நாந்தான் அரிசி கொண்டுபோயிக் குடுத்தேன், மாத்திரை வாங்கிக் குடுத்தேன். எனக்கும் லோகுவுக்கும் டீக்கடைல இட்லி. ஒரு நாள் மாத்திரையைக் கொண்டுட்டுப் போறேன், உள்ள பேச்சு சத்தம் கேக்குது. துளசிமணி, கோகிலாவுக்குத் தலை சீவிவிட்டுட்டே கேக்கறா.

"எனக்கு ஒரு ஆசை அம்மிணி. லோகுவக் கட்டிக்கிறியா? நீ வந்தீன்னா அந்த ஊடே திருந்தீரும்."

நான் கதவோரத்துலயே நின்னுட்டேன். மனசுக்குள்ள எனக்கும் அது சரியாத்தான் பட்டுது. பொண்ணு கெடைக்காத காலமுங்க இது. கருப்பா இருந்தாலும், வாய் இருந்தாலும், வேலைக்காரி. பெருந்தன்மையா ஏத்துக்கலாம்னு நெனைச்சேன்.

அவ சொன்னா, "உங்களுக்கு ஒண்ணுன்னா எப்பக் கூப்புட்டாலும் வருவேன் அத்தை. உங்க ஊட்டுக்கு வாழ வரமாட்டேன்."

கேட்டீங்களா. ஒரு வயசுப் பொண்ணு பேசற பேச்சா இது? சித்த யோசிச்சுச் சொல்றேன், அம்மாளைக் கேட்டுச் சொல்றேன்னு ஒரு மரியாதைக்குச் சொல்லக் கூடாதுங்களா? எம் பையனுக்கு என்ன கொறை? அதைவிட எனக்கு எது வலிச்சுதுன்னா, எங்க ஊட்டுக்காரி அதுக்குக் கோவிச்சுக்கலை. சிரிக்கறா. "செரிதான் அம்மிணி. நானே இங்க வந்து உக்காந்துட்டேன், உன்னைப் போயி அங்க வான்னு கூப்புடறேன் பாரு"ங்கறா. ரெண்டு பேரும் சிரிக்கறாங்க. நான் மாத்திரையை வெளிச் சன்னல்ல வெச்சுட்டு வந்துட்டேன்.

இதுதான் பொண்ணு. அடக்கம் கெடையாது. சுத்தம் பத்தம் கெடையாது, எதை வேணாலும் தொடுவா. ஆம்பளை பண்ற வேலைக்கெல்லாம் முன்னால நிப்பா. பெரியவங்கன்னா மூஞ்சிக்கு நேரா பதில் சொல்லுவா. உங்க ஊட்டுல நாலு பேரு வந்து போற எடம், ஒறம்பரை சாதி சனம் இருக்கும். நீங்க யோசிச்சுக்குங்க. நான் எதுவும் மறைக்கலை.

எங்க ஊட்டுக்காரியா? இப்ப நல்லாத்தான் இருக்கறா. கட்டுப் பிரிச்சாச்சு. குச்சி வெச்சுட்டு நடக்கறா.

இல்லீங்க. வரலை. இன்னும் அங்கதான்.

கட்டுப் பிரிச்ச அன்னிக்கே கூப்புடப் போனேன். புளியங்கொட்டை தட்டிட்டு உக்காந்திருந்தா, மூணு பொம்பளைகளும் வட்டமா. எந்திரி, போலாம்னேன். தலைய நிமிராமச் சொன்னா, அந்தக் கக்கூசுல இருக்கற மூட்டைகளை எடுத்துட்டுக் கதவத் தொறந்து வெச்சுட்டுச் சொல்லுங்க, வர்றேன்னு. புண்ணாக்கை எங்க கொண்டுபோயி வெக்கறதுன்னு கேட்டேன். அதுக்கு ஒரு பதில் சொன்னா பாருங்க. "நான் இத்தனை வருசம் எங்க போனேனோ, அங்க கொண்டுபோயி வையுங்க"ன்னு. கல்யாணம் ஆயி இத்தனை வருசத்துல எங்கிட்ட அப்படிப் பேசுனதே இல்லீங்க. எல்லாம் அங்க கத்துக்கிட்டது. ராமாத்தாள் பக்கத்துல உக்காந்துட்டு ஒரு வார்த்தை கண்டிக்கலை. கோகிலா எந்திரிச்சு உள்ள போயிட்டா, இது உங்களுக்குள்ள பேசிக்கறதுன்னுட்டு.

மூட்டைய எடுக்கறதுக்கு எவ்வளவு நேரமாகும். அதில்லீங்க விசயம். ஒரு பொம்பளை சொன்னான்னு எடுக்கறதா? ஊர்ல என்ன பேசுவாங்க.

ஏனுங்க, எந்திரிச்சுட்டீங்க? போறீங்களா? அங்கயா? நான் இவ்வளவு சொன்னதுக்கப்பறமுமா.

உங்க மூஞ்சியப் பார்த்தாலே தெரியுது. பொண்ணு புடிச்சுப் போச்சு உங்களுக்கு. சரி. ஒரு விதத்துல பார்த்தா அதுவும் நல்லதுதான். வைகாசிலயே வெச்சுக்குங்க கல்யாணத்தை. தள்ளிப் போடாதீங்க. அவ உங்க ஊருக்கு வந்துட்டா இங்க ராமாத்தாள் ஒருத்திதான், அவளால எங்க ஊட்டுக்காரியையும் வெச்சுப் பார்க்க முடியாது. இவ தன்னால இங்க வந்துருவா. நல்ல பொண்ணுதானுங்க, நான் என்னவோ வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். பாடுபடறவ. எதுக்கும் கூசி நிக்க மாட்டா. கூட்டிட்டுப் போயிருங்க. சீக்கிரமாக் கூட்டிட்டுப் போயிருங்க.

என்னங்க சொல்றீங்க.

பையன் இங்க வர்றானா?

அம்மாளைத் தனியா விட்டுட்டு வர மாட்டேன்னு அவ மொதல்லயே சொல்லிட்டாளா? உங்க பையனும் சரின்னுட்டானா? ராமாத்தாள் ஊட்டுக்கே வந்து, இங்கயே இருந்து காடு பார்த்துக்கறானாமா? பொண்டாட்டி ஊட்டுல வந்து உக்கார்ற ஆம்பளைய நான் பார்த்ததே இல்லீங்க. நீங்க அப்பனா இருந்துட்டு இதுக்கு எப்படிங்க ஒத்துக்கிட்டீங்க? என்ன காலமோ, என்ன கருமமோ. இதையெல்லாம் கேக்கறதுக்குன்னு இருக்கறேன் பாருங்க.

அப்ப கோகிலா இங்கயேதான் இருப்பா. எங்க ஊட்டுக்காரியும் அங்கயேதான்.

சரிங்க. வெயில் ஏறுது, போங்க. வேலியச் சுத்திட்டுப் போனீங்கன்னா வாசல் வந்துரும், சந்துல பூந்து போகலாம்னு பார்க்காதீங்க, எங்கயும் சந்து விடலை அவ.

சித்த நில்லுங்க. அங்க குச்சி வெச்சுட்டு ஒரு பொம்பளை நடமாடிட்டு இருப்பா. அவதான் எங்க ஊட்டுக்காரி. அவளா ஏதாவது கேட்டா, நான் சாப்பிட்டுட்டேன்னு சொல்லுங்க. கேக்கலீன்னா ஒண்ணும் சொல்ல வேண்டாம்.